மொட்டை மாடியில் ஒரு சோதனை

என் மகள் வினோதினி எலிகளுக்கு டாக்டர். நான் அப்படித்தான் சொல்வேன், அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். அண்ணாமலை நகரில் மருந்து ஆராய்ச்சி செய்கிறாள். எலிக்குச் சர்க்கரை நோயை வரவழைத்து, கால் நரம்பு கெட்டபின் நொச்சியிலைச் சத்தைக் கொடுத்து, சூடான தட்டில் விடுவார்களாம். சுட்டால் எலி பாதத்தை நக்கும். நக்காமல் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுக்கு மருந்து வலியை அடக்குகிறது என்று அர்த்தமாம். அப்புறம் தண்ணீரில் போட்டு, நீந்துகிறதா, சோர்ந்து மிதக்கிறதா என்று அதன் மனசையும் பார்ப்பார்களாம். என்ன படிப்போ!

என் வீட்டுக்காரர் உத்திராபதி கடலூர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து வெகுகாலம் ஆயிற்று. பாதத்தில் மிளகாயை அரைத்துத் தடவியதுபோல் எரிகிறது என்பார். எரிச்சல் காலோடு நின்றால் சகித்துக்கொள்ளலாம். டிவி சத்தம் ஜாஸ்தி என்பார், அணைத்தால் ஏன் அணைத்தாய் என்பார். ஒருநாள் சோற்றில் கை வைத்தபடியே அழுதார். ஏன் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

இதைக் கேட்டுத்தான் வினோதினி ஒரு சிமிழைக் கொண்டுவந்தாள். உள்ளே பச்சையும் கறுப்புமாகத் தார் மாதிரி அந்த நொச்சிச் சத்து. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, இதையும் மோரில் கரைத்துக் குடிக்க வேண்டும், வெளியே மூச்சு விடக் கூடாது என்றாள். எலிக்கு வைத்ததை அப்பனுக்கு ஊற்றுகிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று சத்தம் போட்டேன். அவர் அதற்குள் டம்ளரைக் காலி செய்திருந்தார்.

பொங்கல், தீபாவளிக்கு மட்டும் எட்டிப்பார்த்தவள், அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் சிதம்பரம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாக எரிச்சலைப் பற்றித்தான் விசாரிப்பாள். பரவாயில்லை என்றார் முதலில். பாதி குறைந்துவிட்டது என்றார் பிறகு. தினமும் சவரம் செய்துகொண்டார், என் குழம்பைக் கிண்டல் செய்தார். நானும் நம்பினேன். பொல்லாத நொச்சிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத வெயில். வீட்டுக்குள்ளேயே மெத்தைச் செருப்பைக் கழற்றாத மனிதர், வெறுங்காலோடு ஏறி வந்து நின்றார். பின்னாலேயே வினோதினி. நிழலுக்கு வாருங்கள் என்று நான் கத்துகிறேன், அவர் நகரவில்லை. வடகத்தில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று சாவகாசமாகப் பேசினார். இவள் என்னடாவென்றால் அப்பாவின் காலையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டு, மருந்து வேலை செய்கிறது என்றாள்.

சாயங்காலம் அவர் காலை நீட்டிப் படுத்திருந்தபோது உள்ளங்காலைப் பார்த்தேன். இரண்டிலும் கொப்புளம், ஒன்று உடைந்து நீர் வடிந்தது. நான் போட்ட கூச்சலில் ஓடிவந்த வினோதினிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வலி போவலம்மா. உணர்ச்சியே போயிடுச்சி. நான் அத மருந்துன்னு நெனச்சிட்டேன்."

இவருடைய அண்ணன் தங்கராசு மங்கலம்பேட்டையில் இருக்கிறார். அவருக்கும் சர்க்கரைதான். செருப்பைத் துளைத்து ஏறிய ஆணி அவருக்குத் தெரியவே இல்லை. புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். இவர் மட்டும் ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் ஏற்றுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு போன்ற ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொட்டார். தொட்டால் சொல்ல வேண்டும். வினோதினி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பெருவிரல் என்றார் இவர். சுண்டுவிரல் என்றார். குதிகால் என்றார். ஒன்றுகூடத் தப்பவில்லை. உணர்ச்சி நன்றாகத்தானே இருக்கிறது, பின்னே எப்படி அந்த வெயிலில் நின்றீர்கள் என்று கேட்டார் டாக்டர்.

இவர் கண்ணைத் திறக்கவில்லை.

"சுட்டுச்சி சார். நல்லாவே சுட்டுச்சி." அப்புறம் மகள் பக்கம் திரும்பினார். "நீ மணிய பாக்குறப்ப உன் மூஞ்சி அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சி பாப்பா. காலத் தூக்க மனசு வரல."

"அப்ப எரிச்சல்?" என்றாள் அவள்.

"மொத நாளுலேர்ந்து அப்பிடியேதான் இருக்குது. மருந்து கேக்கலன்னு சொன்னா சிமிழ எடுத்துகிட்டுப் போயிடுவ. அப்பறம் சனிக்கிழம யாரு வருவா?"

இரண்டு பேரையும் நாலு சாத்து சாத்தலாம் போல் இருந்தது எனக்கு. கொதித்தது, அழுகையும் வந்தது. வினோதினி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எலிகூட பொய் சொல்லாதுப்பா" என்றாள்.

நர்ஸ் பஞ்சை நனைத்துப் புண்ணைத் துடைத்தார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். இன்னொரு தரம் இழுக்க மாட்டாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.