பாதி வெட்டில் கண்ணாடி

அந்த வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் சண்டை வந்தால் கத்திக்கொள்ள மாட்டார்கள். நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதெல்லாம் மகள் வழியாகப் போகும். மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. சமையலறையிலிருந்து மனைவி, அதாவது டீச்சர், மகளுக்கு போன் செய்வாள். இரண்டு நிமிடத்தில், பத்தடி தள்ளிக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சலூன்காரரின் போன் அடிக்கும்.

“அப்பா, காபி ஆறுதாம்.”

“நானா ஆறச் சொன்னேன்னு கேளு.”

இப்படிப்பட்ட மனிதர் ஆண்டவரோடு சண்டை போட்டால் எப்படிப் போடுவார்? இப்படியேதான் போட்டார்.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலையில், வாடிக்கையாளர் ஒருவரின் கன்னத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தபோது பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். வலது கை வரவில்லை. பக்கவாதம் என்றார்கள். கால் சீக்கிரம் தேறிவிட்டது. வாய்க்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும், ஸ்பூனைப் பிடிப்பேன், கத்தரிக்கோலைப் பிடிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. கடையை டீச்சரின் தம்பி பார்த்துக்கொள்ள வந்தான். இருபத்தெட்டு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் ஜெபம் சொன்ன சலூன்காரர், தட்டைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்தார்.

“எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல” என்றார்.

“உங்களுக்கும் யாருக்கும்?”

“உங்க ஆண்டவருக்கும்.”

“போன வாரம் வரைக்கும் நம்ம ஆண்டவரா இருந்தார்.”

“ஒண்ணு மட்டும் கேட்கணும். நீ முழங்கால் போட்டு ஜெபம் பண்ணும்போது கேட்டுச் சொல்லு. இடது கை சும்மாதானே கிடந்துச்சு? அத விட்டுட்டு வலது கைய ஏன் எடுத்தார்?”

டீச்சர் பாலர் பள்ளியில் முப்பது பிள்ளைகளின் புகார்களை முகம் மாறாமல் கேட்டுப் பழகியவள். எழுந்து படுக்கையறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே திரும்பினாள்.

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. கோவிச்சுக்கவும் இல்ல.”

அன்றிலிருந்து தினமும் ஒரு மனு போயிற்று. ‘பிசியோகாரர் பண்ற கொடுமையை அவர் பார்க்கிறாரா இல்லையா?’ ‘குடிகாரன் கையெல்லாம் கல்லு மாதிரி இருக்கே, அது எப்படி?’ டீச்சர் ஒரு வார்த்தை விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஒருநாள் பாஸ்டர் ஆறுதல் சொல்ல வந்தார். பாடுகளின் வழியாக ஆண்டவர் நம்மை உருவாக்குகிறார் என்று அருமையாகத்தான் ஆரம்பித்தார். சலூன்காரரின் கண் அவர் தலையை விட்டு நகரவில்லை. ஒரு காதுக்கு மேல் ஓட்ட வெட்டியிருந்தது. மறு காதுக்கு மேல் வெட்டவே இல்லையோ என்று சந்தேகமாக இருந்தது.

“ஐயாவ யார் இப்படி உருவாக்கினது?”

பாஸ்டர் தலையைத் தடவிக்கொண்டார். “உங்க மச்சான்தான். பாதி வெட்டுல கண்ணாடியப் பார்த்துட்டேன். எழுந்து ஓடிடலாம்னு தோணுச்சு. ஆனா பாதித் தலையோட எங்க ஓடுறது?”

“அதுக்குத்தான் நான் பாதியில யாரையும் கண்ணாடி பார்க்க விடமாட்டேன். நாற்காலியத் திருப்பிப் போட்டுருவேன். பாதியில பார்த்தா ராஜாவே பயந்துருவான்.”

பாஸ்டர் கிளம்பிய பிறகு அன்றைய மனு தயாரானது. ‘மச்சான் வெட்டுறத அவர் ஒருதரம் இறங்கி வந்து பார்க்கணும்.’ டீச்சர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். ஆனால் திரும்பி வர வழக்கத்தைவிட வெகுநேரம் ஆயிற்று. கண் சிவந்திருந்ததை சலூன்காரர் கவனிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்குப் புறப்படவில்லை. கையில் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது.

“எங்க?”

“ஒரு டெஸ்ட் இருக்கு. மார்புல சின்னதா ஒரு கட்டி. பத்து நாளா தெரியும்.”

சலூன்காரர் செருப்பை எடுத்தார். இடது கால் செருப்பு வலது காலில் ஏற மறுத்தது. டீச்சர் குனிந்து மாற்றிப் போட்டுவிட்டாள்.

“இத அவர்கிட்டயாவது சொன்னியா?”

“எங்க நேரம்? தினமும் உங்க விஷயத்தச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே முழங்கால் மரத்துப்போகுது.”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் அவளை உள்ளே அழைத்துப் போனாள். கதவு மூடியது. சலூன்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவசரமாக மேலே ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. கொண்டுபோகிறவளோ கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பழக்க தோஷத்தில் மகளுக்கு போன் செய்தார்.

“அம்மாவுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா.”

மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “காபி ஆறுதுன்னா நான் சொல்வேன்ப்பா. இத நீங்கதான் சொல்லணும். நானும் சொல்றேன், ஆனா உங்களுக்குப் பதிலா இல்ல.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே கை கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு கண்ணாடி. மச்சானிடம் தலையைக் கொடுக்க மறுத்து நான்கு மாதம் வளர்ந்த முடியோடு, பயந்துபோன ஒரு முகம் அதில் தெரிந்தது.

“நான்தான்” என்றார் மெதுவாக. விட்டுப்போன பேச்சை வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “கை விஷயம் அப்புறம் பேசிக்கலாம். அந்தக் கோவம் போகல, உமக்குத் தெரியும். என் கடையில பாதி வெட்டுல யாரையும் கண்ணாடி பார்க்க விடமாட்டேன். எனக்கு யாரும் நாற்காலியத் திருப்பல. பார்த்துட்டேன். ரொம்பப் பயமா இருக்கு. ஆனா எழுந்து போகல. உம்ம விட்டா எங்க போறது? கத்தரிக்கோல் உம்ம கையில இருக்கு. அவமேல மட்டும் மெதுவா கை வையும்.”

பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பினார். “என்கிட்டயா பேசுறீங்க?”

“இல்லிங்க. ஆண்டவர்கிட்ட. நாலு மாசமா பேச்சு இல்ல.”

“யார் மேல தப்பு?”

“அது இன்னும் முடிவாகல.”

டீச்சர் வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தாள். “ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமாம்” என்றாள்.

கீழே கேன்டீனில் இரண்டு காபி வாங்கினார்கள். நான்கு மாதமாக அவருக்குப் பதில் ஜெபம் சொல்லிவந்த பழக்கத்தில் டீச்சர் தலை குனிந்தாள். “இரு” என்றார் சலூன்காரர். வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். இடது கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

“ஆண்டவரே, இந்தக் காபிக்காக ஸ்தோத்திரம். இந்த ஒரு வாரத்த எங்களால தாண்ட முடியாது. நீர்தான் கூட இருந்து தாண்ட வைக்கணும். ஆமென்.”

டீச்சர் உடனே கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கேட்டாள்: “எப்ப ராசியானீங்க?”

“ராசியெல்லாம் ஆகல. பேச ஆரம்பிச்சிருக்கோம்.”

“அப்ப என் வேலை போச்சா?”

“போச்சு. இனிமே நீ போனா உன் விஷயத்தப் பேசு. எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்க. சமையல நான் ஒத்தக் கையால பார்த்துக்கறேன்.”

“அதுக்கும் சேர்த்து ஜெபம் பண்ண வேண்டியிருக்கும்” என்றாள் டீச்சர். பிறகு அவர் முன்னால் இருந்த டம்ளரை வலது கை பக்கமாக நகர்த்தினாள்.

“காபி ஆறுது. குடிங்க.”