கிள்ளாமல் போட்ட குறி

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்து நிலக்கரிப் புகை இன்னும் கலையவில்லை. அதற்குள் பழைய கணினி பிரிக்கும் கொட்டகையில் ஆறு பேரும் குனிந்துவிட்டார்கள். ஏழாவது ஆளான உர்குயாவின் முக்காலி காலி. குளிரில் விரல் விறைத்தால் இடுக்கி வழுக்கும். வழுக்கினால் தகடு தோலைக் கிழிக்கும். ஓடுகிற கணினியைப் பழுதுபார்த்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். ஓடாததைப் பிரித்துச் செம்பும் ஈயக் கண்ணாடியும் தனித்தனியே சேர்ப்பார்கள். ஒரு துண்டுகூட மண்ணுக்குப் போகக்கூடாது. நல்ல வேலைதான். நேற்று வரைக்கும் அந்த ஆறு பேரில் ஒருத்தியான கனிஷாய்க்கு அதில் பெருமைகூட இருந்தது.

பெட்டி போலிருக்கும் பழைய கணினித் திரைகளுக்கு அவள்தான் முதல் ஆள். உள்ளே இருக்கிற படக்குழாயில் காற்றே கிடையாது. அப்படியே தட்டினால் வெடித்துச் சிதறும். குழாயின் கழுத்து முனையை இடுக்கியால் கிள்ளி, உஸ்ஸென்று காற்று உள்ளே போனபிறகு, முதுகில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போடவேண்டும். அதை நம்பித்தான் அடுத்தவள் சுத்தியலை எடுப்பாள்.

நேற்று முதலாளி மெலிஸ் தலைக்குமேல் நின்று கத்தினார். "நாளைக்கு வெளியாளுங்க கொட்டகையப் பாக்க வர்றாங்க, மலையாக் கெடக்கு! ஒண்ணொண்ணாக் கொஞ்சிக்கிட்டு இருக்கியா?" கடைசி நாற்பதுக்கும் கனிஷாய் கிள்ளாமலே குறி போட்டாள். தேநீர் குடித்துவிட்டு வந்து கிள்ளிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், பாவி. கோப்பை ஆறுவதற்குள் உர்குயா தட்டிய குழாய் வெடித்தது. அவளுடைய இடது கண் போயிற்று.

இப்போது மெலிஸ் ஒரு தாளோடு வந்தார். "உர்குயா தானாத்தான் முகக்கவசத்தைக் கழட்டினா. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

"ஏழு பேருக்கு மூணு கவசம். கழட்டுறதுக்கு அவகிட்ட ஏதுண்ணே கவசம்?" என்றார் பிளாஸ்டிக் பிரிக்கும் எசென்.

"அவ கவனக்குறைவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு நான் அழணுமா?"

பேனாவைக் கனிஷாயிடம் நீட்டியபடி மெலிஸ் குரலைத் தாழ்த்தினார். "குறி உன்னோடதுன்னு எனக்குத் தெரியும். கையெழுத்தப் போட்டுட்டா, விஷயம் நம்ம ரெண்டு பேரோட போச்சு."

ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எதிரே உர்குயாவின் தங்கை சைரகுல், அழுது வீங்கிய கண்களோடு திருகாணி கழற்றிக்கொண்டிருந்தாள். கனிஷாய் பேனாவை வாங்கவில்லை.

"சைரகுல், நான் கிள்ளாமக் குறி போட்டேன். நாற்பதுக்கும்."

சைரகுல் எழுந்து வந்தாள்.

"எங்கக்கா உன்னை நம்பித்தானே தட்டினா?"

"ஆமாடி."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!" மெலிஸ் துள்ளினார். "இவளைத் துரத்திட்டு வேலையப் பாருங்க."

சைரகுல் அவர் பக்கம் திரும்பினாள். "துரத்த நீங்க யாருண்ணே? இவ அவசரப்பட்டா. அவசரப்படுத்தினது யாரு?"

எசென் தன் இடுக்கியைத் தரையில் வைத்தார். மற்றவர்களின் இடுக்கிகளும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. "நடந்ததை நடந்தபடி எழுதுங்க. உர்குயாவுக்கு வைத்தியம், எல்லாருக்கும் கவசம். அதுவரைக்கும் ஒரு குழாயத் தொடமாட்டோம்" என்றார் எசென்.

"நாளைக்கே வேற ஆள் வரும்!"

"வரட்டும். வாசல்ல நின்னு அவங்ககிட்டயும் சொல்றோம்."

வெளியே பார்வையாளர்களின் வண்டி ஹாரன் அடித்தது. ஐந்து பேரும் வாசலில் போய் வரிசையாக நின்றார்கள். கனிஷாய் சுவரோரம் தனியே ஒதுங்கினாள். அந்த வரிசையில் நிற்கத் தனக்கு என்ன யோக்கியதை என்றிருந்தது.

சைரகுல் திரும்பிப் பாராமலே சொன்னாள்: "உன்னை நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். அதுக்காக அங்க ஏன் ஒளியிற? என் பக்கத்துல வந்து நில்லு. வந்தவங்க கேட்டா நீதான் சொல்லணும்."

கனிஷாய் போய் நின்றாள்.