ஒன்பது பேர் என்று எழுதியவர்கள்

கொர்னேலியஸைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்தபோது ஞானசுந்தரி மிஷன் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கோரமண்டல் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், நாலைந்து பேர் சேர்ந்து அவள் புருஷனை மறித்திருந்தார்கள். தலையைத் தொடவில்லை. வலது கையைக் கல்லின்மேல் வைத்து, விரல் விரலாக நசுக்கியிருந்தார்கள்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். போன மாதம் ரிச்மண்ட் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை இறக்குகிற கேஜ் கூண்டின் வடம் அறுந்தது. செத்தவர்கள் நாலு பேர் என்றது கம்பெனி. சென்னை வாரப் பத்திரிகைக்குச் சேதி எழுதுகிற கொர்னேலியஸ், ஒன்பது பேர் என்று எழுதினான். பெயர்களைக் காட்டட்டும் என்று கம்பெனி மறுப்பு அனுப்பியது. கூலிகள் குடியிருந்த லைன்களில் வீடு வீடாகக் கேட்டுப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வரும்போதுதான் அடி விழுந்தது. காகிதத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் ரிச்மண்டுக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி சௌந்தரராஜன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான்.

"டீச்சரம்மா, நாலு பேர்தான்னு அவரு பேர்ல ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. உங்க வேலைக்கும் ஒண்ணும் வராது."

"மிச்சம் அஞ்சு பேரை நான் எங்க ஒளிச்சு வைக்கிறது? பழத்த எடுத்துக்கிட்டுப் போங்க."

அவன் போனதும் கொர்னேலியஸ் முனகினான். "இன்னா ஞானா, பயமா இல்லியா?"

"இருக்குது. நீங்க பேரைச் சொல்லுங்க, நான் எழுதறேன்."

ஆறு பெயர்கள்தான் அவனுக்கு ஞாபகம் வந்தன. மீதிக்கு அவளே லைனுக்குப் போனாள். முதல் இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில் பாப்பம்மா வாசலுக்கே வந்தாள். அவள் புருஷன் வேலையை விட்டு ஓடிப்போனதாகக் கம்பெனி மஸ்டர் பதிவேட்டில் எழுதியிருந்தது; கணக்கில் வராத மற்ற நாலு பேரையும் அப்படியே.

"அவரு எங்கியும் ஓடல. அன்னிக்கிக் காலைல கஞ்சி ஊத்தி அனுப்பினதே நான்தான். எழுதிக்கோம்மா, எங்க வேணா வந்து சொல்றேன்."

அதைக் கேட்டதும், முன்பு சாத்தின கதவுகளும் திறந்தன.

ஒன்பது பெயர்களையும் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். கொர்னேலியஸ் பதறினான். "பேரு வேணாம். 'நமது நிருபர்'னு போடு."

"இல்லீங்க. மறைஞ்சு எழுதினா பொய்யின்னுதான் சொல்லுவாங்க."

உள்ளூர்த் தபாலாபீஸை அவள் நம்பவில்லை. ரயிலேறி பௌரிங்பேட்டைக்குப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

கடிதம் அச்சில் வந்த மூன்றாம் நாள் பள்ளிக்கூட வேலை போனது. அடுத்த வாரம் மைசூர் அரசாங்கத்து அதிகாரி ஒருவர் விசாரணைக்குக் கோலார் டவுனுக்கு வந்தார். பாப்பம்மாவும் இன்னும் ஆறு பெண்களும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய், அவர் முகத்தைப் பார்த்தே சாட்சி சொன்னார்கள். ஓடிப்போனவர்கள் என்றிருந்த ஐந்து பெயர்களும் இறந்தவர்கள் பட்டியலில் ஏறின. அடித்தவர்களை மட்டும் யாரும் பிடிக்கவில்லை. கொர்னேலியஸின் விரல்களும் நிமிரவில்லை. அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

அந்த வருஷக் கடைசியில் இன்னொரு சுரங்க ஷாப்டில் பாறை சரிந்தது. கம்பெனி வாய் திறக்குமுன்பே லைனிலிருந்து பாப்பம்மா ஓடி வந்து சொன்னாள். ஞானசுந்தரி அடுப்பை அணைத்துவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தாள்.