இரண்டாவது பூஜ்யம்

...இரண்டாவது பூஜ்யத்தின் வளைவு மட்டும் இன்னும் மூடவில்லை, மஞ்சள் பெயிண்ட் பிரஷ் நுனியில் கனத்துத் தொங்குகிறது, நான் ஏணியின் மூன்றாம் படியில், கீழே தலைமையாசிரியை அண்ணாந்து நிற்கிறார், சார், நூறு இன்னும் கொஞ்சம் பெரிசா வரட்டும், ரோட்டுல போற பஸ்ஸுக்குத் தெரியணும், தெரியும் மேடம், தெரியாமல் எங்கே போகும், முப்பது வருஷமாக இந்தச் சுவரில் எழுதுகிற ஓவிய ஆசிரியன் நான்தானே, செக்குக் கொட்டகை ஒன்றில் பதினோரு பிள்ளைகளோடு தொடங்கி, நடுநிலையாகி, உயர்நிலையாகி, மேல்நிலையான இந்த அரசுப் பள்ளிக்கு இந்த ஆண்டு நூறு வயது, அந்த நூறுதான் இது, ஆனால் என் கை அதை நம்ப மாட்டேன் என்கிறது, கைக்கு வேறொரு நூறு ஞாபகம் இருக்கிறது, சட்டைப்பையில் மேடம் காலையில் தந்த தாள் உறுத்துகிறது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேருடைய பெயர், நூற்றாண்டு வருஷம் சார், பத்தாவது ரிசல்ட்டும் நூறா இருக்கணும், நீங்க பேசினாத்தான் பெத்தவங்க கேப்பாங்க.

ஆமாம், கேட்பார்கள், என் வாய் அப்படிப்பட்ட வாய், பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அன்றைய தலைமையாசிரியர் சங்கிலிப்பாண்டியும் இதையேதான் சொல்லி ஒரு தாள் தந்தார், அதில் ஒரே ஒரு பெயர், கனிச்செல்வி, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, கணக்கில் பன்னிரண்டு மார்க்கைத் தாண்டாதவள், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வழக்கம் இது, தேறமாட்டாள் என்று தெரிந்தால் பத்தாவதுக்குப் போகும் முன்பே சொந்த விருப்பத்தின் பேரில் என்று எழுதி வாங்கி டி.சி. கொடுத்துவிட வேண்டும், பிறகு தனித்தேர்வராக எழுதட்டும், தோற்றால் அந்தத் தோல்வி நம் கணக்கில் வராது, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறேன், அவள் அம்மா சோலையம்மா வாசலில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருக்கிறாள், வாங்க சார், ஏ புள்ள, சாருக்குத் தண்ணி கொண்டா, தனியா எழுதினா பிள்ளைக்குப் பாரம் இல்லம்மா, நல்லா நேரம் கிடைக்கும், கூசாமல் சொன்னேன், நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும், கைநாட்டு வைத்தாள், சொம்போடு நின்ற கனிச்செல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அப்ப குரூப் போட்டோவுல நான் இருக்க மாட்டேனா சார், நான் சிரித்தேன், அடப்பாவி, சிரித்தேன், போட்டோ என்ன பெரிய போட்டோ, நானே உன்னை வரஞ்சு தர்றேன் போ.

அடுத்த மே மாதம் பத்தாவது ரிசல்ட்டில் நூறு வந்தது, இதே சுவர், இதே இரண்டாவது பூஜ்யம், பதினோரு மணி இருக்கும், கிழக்கே தும்மென்று ஒரு சத்தம், ஏணி ஆடுகிறது, ஜன்னல்கள் எல்லாம் ஒருசேர நடுங்குகின்றன, புகை எழுந்து அப்படியே நிற்கிறது, வயதைக் கூட்டிச் சொல்லி அந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் கனிச்செல்வி சேர்ந்து ஆறு மாதம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும், தெரியாது என்று இன்றைக்கு வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், சார் இறங்கிராதீங்க, மூணு மணிக்குக் கலெக்டர் வர்றார், முடிச்சிருங்க என்றார் சங்கிலிப்பாண்டி, முடித்தேன், என் கையை யாரும் பிடித்து எழுத வைக்கவில்லை.

மூன்றாம் நாள் சோலையம்மா பள்ளிக்கு வந்தாள், அழவில்லை, சார், மாலை போட புள்ள படம் ஒண்ணு வேணும், வீட்ல ஒண்ணுகூட இல்ல, இங்க போட்டோ எடுத்திருப்பீங்கல்ல, எடுத்திருந்தோம், நாற்பத்திரண்டு முகம், அதில் அவள் இல்லை, இருங்கம்மா நான் வரஞ்சு தர்றேன் என்று உட்கார்ந்தேன், முகம் வரைய முதலில் முட்டை வடிவம் போடு என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன், போட்டேன், அதற்குள் என்ன வைப்பது, நான்கு வருஷம் என் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை, கண் எப்படி இருந்தது என்று தெரியவில்லை, ஒரு மணி நேரம் காத்திருந்தாள், பரவாயில்ல சார், உங்களுக்கு வேலை இருக்கும், எழுந்து போய்விட்டாள், அந்த வெற்று முட்டை பல நாள் கனவில் வருகிறது, நான் வருகைப்பதிவு எடுக்கிறேன், பெஞ்சு பெஞ்சாக முட்டைகள், எல்லாம் உள்ளேன் ஐயா என்கின்றன.

சார், ஏன் நின்னுட்டீங்க, மேடம் கேட்கிறார், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நான் நேற்று எழுதிய பள்ளிப் பெருமைகளின் பட்டியல், சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவை, மாலை வகுப்புக்குச் சுண்டல், கண் பரிசோதனை முகாம், கண், அந்தச் சொல்லில் என் பார்வை மாட்டிக்கொள்கிறது, கடைசி பெஞ்சில் அவள், கரும்பலகையைப் பார்த்து இரண்டு கண்ணையும் சுருக்குகிறாள், நோட்டை மூக்கில் ஒட்டி வைத்து வரைகிறாள், ஐயோ, அவளுக்குப் பலகை தெரியவே இல்லை, கணக்கு வராமல் இல்லை, கணக்கு கண்ணுக்கே தெரியவில்லை, அந்த வருஷம் முகாமுக்கு வந்த டாக்டர்களிடம் பத்தாம் வகுப்பை மட்டும்தானே காட்டினோம், அவள் பத்தாம் வகுப்பில் இல்லையே.

பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்துப் பூஜ்யத்துக்குள் வரைகிறேன், என்ன சார் பண்றீங்க, நூத்துக்குள்ள எதுக்குக் கண்ணு, கனிச்செல்வி மேடம், ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, தாளை எடுத்து நீட்டுகிறேன், இந்த மூணு வீட்டுக்கும் நான் போக மாட்டேன், அவர் தாளை வாங்கி மடிக்கிறார், கோபம்கூட இல்லை, சரி, வேற சாரை அனுப்பிக்கிறேன், இறங்கும்போது அதை வெள்ளையடிச்சிருங்க, கிழக்கே எங்கோ இடிக்கிறது, மழையாகத்தான் இருக்க வேண்டும், நான் வெள்ளையடிக்கவில்லை, வளைவை மூடினேன், உள்ளே இரண்டு கண்கள் சுருங்கி எதையோ படிக்கப் பார்க்கின்றன, ரோட்டில் போகிற பஸ்ஸுக்கு நன்றாகவே தெரியும்.