மதியத்தில் தளரும் கம்பி

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் கம்பியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தலைமுடியைவிட மெல்லிய உலோகக் கம்பிகளோடுதான் அவளுக்குப் பகல் முழுக்க வேலை. கணவன் வீட்டைவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. யாராவது விவரம் தெரியாமல் அவனைப் பற்றிக் கேட்டால், "அவரும் கம்பிதான் நீட்டினாரு" என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்துவிடுவாள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

அவளுடைய வேலை கேட்பதற்கு எளிமையானது. ஒரு கம்பியை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, அதைச் சுற்றியுள்ள சுருளில் மின்சாரம் விட்டால், கம்பிக்குள் இருக்கும் காந்தம் திசை மாறும். கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, ஒரே தாவலாக. தாவும்போது கணினித் திரையில் ஊசிபோல ஒரு துடிப்பு எழும். கம்பியை இறுக்கினால் அந்தத் துடிப்பு பிந்தி வரும். தளர்த்தினால் முந்தி வரும். அதனால் துடிப்பு வரும் நேரத்தைப் பார்த்தே கம்பி எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட கம்பிகளைப் பாலங்களின் கான்கிரீட்டுக்குள் புதைத்து வைத்தால், பாலம் எங்கே திணறுகிறது என்று வெளியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம் என்பது துறைத்தலைவரின் கனவு. அவரை அவள் சார் என்பாள்.

சிக்கல் மதியத்தில் வந்தது. காலையெல்லாம் ஒழுங்காக இருக்கும் துடிப்பு, சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று முந்தும். அரைமணி நேரம் அப்படியே இருக்கும். பிறகு தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நடுநடுவே ஒரு நடுக்கம் வேறு.

"என்னம்மா, கம்பிக்கும் மதியத் தூக்கம் வருதா?" என்றார் சார்.

"ஏசியா இருக்கும்னு நினைக்கிறேன் சார்."

ஏசியை அணைத்து வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பார்த்தாள். அது இல்லை. பக்கத்திலிருந்த மின்தூக்கியை நிறுத்தச் சொல்லி, மாடியேறியவர்களின் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதுவும் இல்லை. கைப்பேசியை வெளியே வைத்தாள், இருக்கையை மாற்றினாள், திருகுகளையெல்லாம் மறுபடி முறுக்கினாள். மதியம் வந்ததும் கம்பி தளர்ந்தது.

ஒருநாள் எழுந்திருக்கும்போது கால் தடுக்கி, கையைச் சுவரில் ஊன்றிவிட்டாள். திரையில் துடிப்பு குதித்தது. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மேசையில் இடம் போதாமல் கம்பியின் ஒரு முனையை அவள் சுவரில் மாட்டியிருந்தாள். அது சுவரே அல்ல, பெரிய அறையை இரண்டாக்கப் போட்ட பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் காகிதக் கட்டுகள் வைக்கும் சாமான் அறை.

மறுநாள் மதியம் துடிப்பு முந்தியதும் சத்தமில்லாமல் சுற்றிப் போய்ப் பார்த்தாள். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தபால் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெண், காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, தடுப்பில் முதுகைச் சாய்த்திருந்தாள். மடியில் சாப்பாட்டு டப்பா. தலை குனிந்திருந்தது. தோள்கள் குலுங்கின. ஒரு கை வாயை இறுகப் பொத்தியிருந்தது.

கம்பியக்கா வந்த வழியே திரும்பிவிட்டாள்.

செய்ய வேண்டியது தெரிந்ததுதான். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். இல்லாவிட்டால் கருவியைத் தடுப்பில் படாமல் மூலையிலிருந்த கல்மேசைக்கு மாற்றிவிடலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. சார் கேட்டபோது, "இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன் சார்" என்றாள். அது பொய்யும் இல்லை. தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துடிப்பு சட்டென்று முந்தும்; வந்துவிட்டாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு முதல் வாய் சாப்பிடுவாள். நடுக்கம் வரும்போது கை நின்றுவிடும். பாவம், இன்றைக்கும் அழுகிறாள். தானும் ஒரு காலத்தில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இப்படித்தான் அழுதது நினைவுக்கு வரும். தபால் பெண் விடுப்பில் போன ஒருநாள் துடிப்பு அசையாமல் நின்றது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பாலத்துப் பொறியாளர்கள் கருவியைப் பார்க்க வருகிறார்கள் என்று சார் வந்து சொன்னபோதுதான் வேறு வழியில்லாமல் போயிற்று. மதியம் சாமான் அறைக் கதவைத் தட்டினாள். தபால் பெண் பதறி எழுந்தாள்.

"உக்காருங்க, உக்காருங்க. நான் பக்கத்து அறைதான்" என்றாள் கம்பியக்கா. தயாரித்து வந்திருந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. "ஏதாவது கஷ்டம்னா யார்கிட்டயாவது சொல்லிடணும். தினமும் இப்படி அழுதா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"யாரு அழறா?"

"நீங்கதான்..."

"நான் எதுக்கு மேடம் அழறேன்? காமெடி பாத்துட்டிருக்கேன்." கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள். "சத்தம் போட்டுச் சிரிச்சா வெளிய கேக்கும்னு வாயப் பொத்திக்குவேன்." பிறகு அவள் முகம் மாறியது. "தினமும்னு சொல்றீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கம்பியக்கா உளறிக் கொட்டினாள். தடுப்பு, கம்பி, துடிப்பு என்று அவள் விளக்க விளக்க, அந்தப் பெண்ணின் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"அப்ப நான் சாயறது, சிரிக்கறது எல்லாத்தையும் அந்தப் பக்கம் உக்காந்து பாத்துட்டிருந்தீங்க. முதல் நாளே சொல்லியிருக்கலாமே மேடம்."

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பின் அவள் சாமான் அறைக்கு வரவில்லை. கம்பியக்கா கருவியைக் கல்மேசைக்கு மாற்றினாள். துடிப்பு காலையிலும் மதியத்திலும் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. வந்த பொறியாளர்கள் மெச்சினார்கள். "சபாஷ்மா, கண்டுபிடிச்சிட்ட" என்று சார் பூரித்துப் போனார். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "சுவர் சரியில்ல சார்" என்று மட்டும் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் திரையை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரப் பழகினாள். கீழே வண்டிகள் நிறுத்தும் இடம். பார்க்க ஒன்றுமில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், ஒரு பார்சலோடு தபால் பெண்ணே வந்து நின்றாள். கையெழுத்து வாங்கிய பிறகும் போகவில்லை.

"அதெல்லாம் இன்னும் வச்சிருக்கீங்களா? நான் சாஞ்சது, சிரிச்சது?"

"கணினியில இருக்கு. அழிச்சிடறேன், மன்னிச்சிடுங்க. அன்னைக்கே அழிச்சிருக்கணும்."

"அழிக்கறது இருக்கட்டும். காட்டுங்க."

கம்பியக்கா ஒவ்வொரு நாளாகத் திறந்தாள். துடிப்பு வந்த நேரத்தைக் காட்டியபடி நேராக ஓடும் ஒரு கோடு, பிறகு ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் பொடிப் பொடியாக நடுக்கம். தபால் பெண் மூக்கு திரையில் படுமளவு குனிந்தாள்.

"இதுவா நான்? எம்புட்டு சிரிச்சிருக்கேன் பாருங்க!" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தது, அதற்கடுத்தது என்று தள்ளிக்கொண்டே வந்தவள், ஒரு நாளின் கோட்டில் நிறுத்தினாள். தேதியைப் பார்த்தாள்.

"இது சிரிப்பு இல்ல" என்றாள்.

கம்பியக்கா உற்றுப் பார்த்தாள். மற்ற நாட்களின் நடுக்கத்துக்கும் இதற்கும் அவள் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இத்தனை வருடம் கம்பியோடு குடித்தனம் நடத்தியும் தெரியவில்லை.

"அன்னைக்கு யாரையாவது கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே" என்றாள் மெதுவாக.

"யாரக் கூப்பிடறது?" என்றாள் தபால் பெண். குறையாகச் சொல்லவில்லை, விலாசம் கேட்பதுபோலக் கேட்டாள். "பிரிவுல நாலு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க மாதிரி. நான் போனா பேச்சு நின்னுடும். அதான் அந்த ரூம்."

கம்பியக்கா எழுந்தாள். முக்காலியின் மேலிருந்த கம்பிச் சுருள்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதை அந்தப் பெண் பக்கம் நகர்த்தினாள். "டப்பா எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவள் எடுத்துவந்தாள். மழைச் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. என்ன அழுகை என்று கம்பியக்கா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கைப்பேசியில் ஒரு காமெடியைப் போட்டுக் காட்டினாள். கம்பியக்காவுக்கு அது அவ்வளவாகச் சிரிப்பு மூட்டவில்லை. சும்மா சிரித்து வைத்தாள்.

அதன்பிறகு வாரத்தில் ஓரிரு நாள் அந்தப் பெண் வருவதுண்டு. வருவேன் என்றும் சொல்வதில்லை, வரமாட்டேன் என்றும் சொல்வதில்லை. கம்பியக்கா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பாள். சோறு ஆறத் தொடங்கியதும், தனியாகச் சாப்பிட ஆரம்பிப்பாள்.