ஐம்பத்திரண்டாவது நிமிடச் சிரிப்பு

'பிணத்துக்குப் பல்வலி' வெளியானபோது நாலே நாள்தான் ஓடியது. பேய்ப்படம் என்று போனவர்கள் சிரித்துவிட்டோமே என்று கோபப்பட்டார்கள். சிரிப்புப் படம் என்று போனவர்கள் பயந்துவிட்டோமே என்று கோபப்பட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதை வீடியோ கேசட்டில் பார்த்த காலேஜ் கூட்டம் ஒன்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. பழைய தியேட்டரில் மறுபடி போட்டால் பிணத்தைப் போலவே கன்னத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வருகிற அளவுக்குப் பைத்தியம் முற்றிப்போயிற்று. அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்தான் பிற்பாடு ஆபரேட்டரம்மாவுக்கு மாப்பிள்ளையாக வந்து வாய்த்தார்.

ஆபரேட்டரம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவள். புருஷன் அந்தப் படத்தின் மேக்கப்மேன். மகள் முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று மாப்பிள்ளை மாமனாரின் நாற்காலியை விட்டு நகரவே இல்லை. இந்தப் பிள்ளை நம் பெண்ணுக்காக வந்ததா, பிணத்துக்காக வந்ததா என்று அவளுக்குக் கொஞ்ச நாள் சந்தேகமாகவே இருந்தது.

அப்பேர்ப்பட்டவர், படத்தைப் புதுப்பித்து டிஸ்க் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிஸ்க்கோடு வந்து, ஜன்னல் திரையை இழுத்து மூடி, மாமியாரை சோபாவின் நடுவில் உட்காரவைத்தார்.

"நேத்து எடுத்த மாதிரி இருக்கும் பாருங்க, அத்தை."

இருந்தது. பிணத்தின் தாடைக்குக் கீழே நீலப் பூச்சை இழுத்துவிட்ட கட்டைவிரல் தடம்கூடத் தெரிந்தது. அது அவள் புருஷனின் விரல். ஆனால் அவள் காத்திருந்தது பார்ப்பதற்கு அல்ல.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் பிணம் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்காரும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டிருக்கும் சொந்தக்காரர்களிடம், "யார்கிட்டயாவது கிராம்பு இருக்கா?" என்று கேட்கும். படப்பிடிப்பில் அதைக் கேட்டதும் கேமராவுக்குப் பின்னால் நின்ற மேக்கப்மேன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லை, சிரிப்பு படத்திலேயே தங்கிவிட்டது. தியேட்டரில் அந்த இடம் வந்தால் மொத்தக் கூட்டமும் அவரோடு சேர்ந்து சிரிக்கும்.

ஊரார் முகத்தையெல்லாம் படத்துக்குத் தயார் பண்ணிய மனுஷன், தான் மட்டும் எந்தப் படத்திலும் விழாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறு வருஷமாகிறது. அவர் குரல் என்று மிச்சமிருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். நினைத்தபோதெல்லாம் கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதையும் போன வருஷம் பிளேயர் மென்று துப்பிவிட்டது.

பிணம் எழுந்தது. கிராம்பு கேட்டது. மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் சிரிக்க ஆரம்பித்து, துணைக்கு ஆள் இல்லாமல் பாதியில் நிறுத்தினார்.

"பின்னாடி போங்க மாப்பிள்ளை."

மூன்று தடவை போனார். மூன்று தடவையும் கிராம்புக்குப் பிறகு சுத்தமான அமைதி, அதன்மேல் வயலின்.

"புதுசாக்கறேன்னு சொல்லி மனுஷனையே துடைச்சுப் போட்டுட்டாங்களே" என்றாள். அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

மாப்பிள்ளை அன்றைக்கே நாலு பேரிடம் நம்பர் வாங்கி, டிஸ்க்குக்கு ஒலியைச் சுத்தம் செய்தவரைப் பிடித்துவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் அவருடைய ஸ்டுடியோவில் நின்றார்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. சவுண்ட்காரர் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, எனக்குக் கிடைச்சதே தேஞ்ச பிரிண்ட். நடுவில சில இடம், தியேட்டர்ல உட்கார்ந்து யாரோ திருட்டுத்தனமா பதிவு பண்ணின ஒலியிலிருந்து ஒட்டினது. அதில இருமல், தும்மல் எல்லாம் இருந்தது. இந்தச் சிரிப்பும் யாரோ ரசிகர்னு நினைச்சு எடுத்துட்டேன். எடுத்ததுதான் பெரிய வேலைன்னு பெருமைவேற பட்டேன்."

"ரசிகர்தான். முதல் ரசிகர்" என்றாள் ஆபரேட்டரம்மா. "போனது போனதுதானா?"

"இல்லைம்மா. எடுத்ததை எல்லாம் தனியா வெச்சு ஒரு தடவை கேக்கறது எங்க வழக்கம். குப்பையோட நல்லதும் போயிடக் கூடாதில்லையா. அப்படிக் கேட்டும் கோட்டை விட்டிருக்கேன் பாருங்க."

அவர் தேடி எடுத்து, ஒரு ஹெட்போனை அவளிடம் நீட்டி, இன்னொன்றைத் தான் மாட்டிக்கொண்டார். அவள் அதைத் தலையில் மாட்டி, ஒரு காதை மட்டும் கொஞ்சம் விலக்கிவைத்துக்கொண்டாள். கைப்பழக்கம்.

வசனம் இல்லை, வயலின் இல்லை. வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து அவர் சிரித்தார். கேசட்டில் கேட்டதைவிட நீளமாக, மூச்சு வாங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. இத்தனை நாளும் பாதிச் சிரிப்பின் மேல் வயலின் உட்கார்ந்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் இரைச்சல் கூடியது. சவுண்ட்காரர் நிறுத்தக் கை நீட்டினார். அவள் வேண்டாம் என்று விரலை அசைத்தாள். மழையிலும் இடியிலும் கம்பி வழியாக வந்த பேச்சையெல்லாம் பிரித்தெடுத்த காது அது. இரைச்சலுக்கு அடியில் அவள் புருஷன் பக்கத்தில் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"இதை அப்படியே வீட்டில போய் நடிச்சுக் காட்டணும். மூணு நாளா அவ என்கிட்ட பேசலை. சிரிச்சுட்டான்னா பேசிடுவா."

நடித்துத்தான் காட்டினார். அன்று சாயங்காலம் கட்டிலில் படுத்து, எழுந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிராம்பு கேட்டார். எதற்காக அந்தச் சண்டை என்பதுகூட அவளுக்கு இப்போது ஞாபகமில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். மறுநாள் வேறு ஏதோ சாக்கில் பேசிவிட்டாள். சிரித்தேன் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. தன் நடிப்பு எடுபடவில்லை என்றே நினைத்துக்கொண்டு போயிருப்பார், பாவம்.

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பஞ்சுச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"அடுத்த பதிப்பில சிரிப்பைத் திரும்பப் போட்டுடறேன்மா" என்றார் சவுண்ட்காரர். "அதுக்கப்புறமும் ஏதோ சத்தம் வருதே. பேச்சு மாதிரி இருக்கு, எனக்குப் புரியலை. அதையும் சேர்க்கணுமா?"

ஆபரேட்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிப்பைப் போடுங்க தம்பி. எல்லாரும் கேக்கட்டும். அதுக்கப்புறம் வர்றது வெறும் கரகரப்புதான், எடுத்துடுங்க."

சொல்லிவிட்டு, அந்தக் கரகரப்பை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.