நூற்றுப் பதினான்காம் பக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நான் ஒரு புத்தகம் எழுதினேன். அதன் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒருவனைக் கொன்றேன். அவன் செத்தானா என்பது அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பிறகு அவனுடைய அக்காவின் முகத்துக்குப் பயந்து, என் வாயாலேயே அவனுக்கு உயிர் கொடுத்தேன். கொன்றதைப் பற்றி எனக்கு வெட்கம் உண்டு. எழுதுகிறவர்கள் செய்வதுதான் என்று சொல்லி அதைத் தாண்டிவிட முடியும். உயிர் கொடுத்ததைத்தான் தாண்ட முடியவில்லை.

இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"சாம்பேசி ஆற்றங்கரையில் ஒரு பெண், முதுகில் குழந்தையுடன், அக்கரையைப் பார்த்தபடி—"

அந்தக் கரையை நான் பார்த்ததில்லை. அவள் நின்றாளா உட்கார்ந்தாளா என்றும் தெரியாது. புத்தகத்தில் இப்படி எழுதித்தான் மாட்டிக்கொண்டேன்.

"புலம்பெயர்தல் என்பது வெறும் இடமாற்றமல்ல, அது—"

இது கருத்தரங்கில் வாசிக்க ஆகும்.

மூன்றாவதில் என்னை நல்லவனாகக் காட்டியிருந்தேன். அதையும் கிழித்தாயிற்று. மிச்சமிருப்பது நடந்த வரிசைதான்.

2

எண்பத்தொன்பதில் கணக்கு வாத்தியாராக ஜாம்பியாவுக்கு வந்தேன். மூன்று வருட ஒப்பந்தம். வடமேற்கில், அங்கோலா அகதிகளின் குடியேற்றத்துப் பள்ளியில் போட்டார்கள். ஒப்பந்தம் எத்தனையோ முறை நீண்டு, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். கனவில் யாராவது திட்டினால் அந்த அகதிகளின் லுவாலே மொழியில்தான் திட்டுகிறார்கள்.

சிலோம்போ எங்கள் பள்ளிக்கு எதிரே மாவுருண்டை பொரித்து விற்றாள். எண்பத்தைந்தில் சண்டைக்குத் தப்பி நடந்து வந்தவள். மகள் ஜொவீத்தா என் வகுப்பில் படித்தாள். சிலோம்போவுக்கு என்னைக் கேலி செய்வதில் தனி விருப்பம் உண்டு. நான் மரவள்ளிக் களியைப் பிசைந்து உருட்டுவதைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, அது சாப்பாடு. அதுங்கூட சண்ட போடாதீங்க" என்பாள்.

தொண்ணூற்றாறில் ஒரு மத்தியானம், மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். நான்தான் கேட்டேன். குடியேற்றத்து ஆட்களிடம் கதை கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

கசோம்போவுக்குப் பக்கத்தில் அவள் கிராமம். ஒரு காலையில் கிராமம் எரிந்தது. கணவன் அதில் போய்விட்டான். ஆறு மாதக் குழந்தை ஜொவீத்தாவை முதுகில் கட்டிக்கொண்டு, பதினேழு வயதுத் தம்பி கப்பெண்டாவோடு கிழக்கே நடந்தாள். எட்டாம் நாள் ஓர் ஆறு குறுக்கிட்டது. ஓடத்தில் இந்தக் கரைக்கு வந்த பிறகுதான் கப்பெண்டாவுக்கு நினைவு வந்தது. தையல் மெஷினின் தலையை அந்தக் கரையிலேயே, புதரடியில் விட்டுவிட்டான். அவன் தையல் படித்துக்கொண்டிருந்தவன். அவர்களிடம் மிஞ்சிய சொத்தும் அது ஒன்றுதான்.

"நீ நட, வந்து பிடிச்சிக்கிறேன்னான். அதே ஓடத்துல திரும்பிப் போனான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நடந்தேன்."

"அவர் வரலியா?"

"வந்திருந்தா இந்தக் கிழங்க அவன் உரிச்சிருப்பான்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் எழுதிக்கொண்ட நோட்டு இன்னும் இருக்கிறது. "நடந்தேன்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

3

புத்தகம் தொண்ணூற்றெட்டில் வந்தது. அச்சுக்குப் போகும் முன் பதிப்பாசிரியர் சென்னையிலிருந்து கடிதம் எழுதினார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். "சார், அந்தத் தம்பி என்ன ஆனான்? வாசகன் கேட்பான். அந்தரத்தில் விடாதீர்கள்."

நான் அவனை அந்தரத்தில் விடவில்லை. கண்ணிவெடியில் வைத்தேன். அக்கரையில் இறங்கி, புதரை நோக்கி ஐந்தடி நடந்து, ஆறாவது அடியில். இந்தக் கரையில் அக்கா வெடிச் சத்தம் கேட்டுத் திரும்புகிறாள்.

(நான் கண்ணிவெடி வெடித்துப் பார்த்தவனல்ல. "செம்மண் ஒரு பூவாக விரிந்தது" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரிக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மாள், கப்பெண்டாவுக்காக அழுததாகக் கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தைப் பல வருடம் மேசையில் வைத்திருந்தேன். என்னைத் தேடி வருபவர்கள் கண்ணில் படுகிற இடத்தில்.)

ஊர் இழந்தவர்களைப் பற்றிய புத்தகங்களை நான் விரும்பிப் படிப்பவன். நாற்காலியில் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் தொலைந்து போகலாம், காடு மேடு அலையலாம், விளக்கை அணைக்கும்போது நம் வீடு அங்கேயே இருக்கும். தொலைந்தவனுக்குப் புத்தகம் ஏதாவதொரு முடிவு கொடுத்துவிடும், ஊரோ கல்லறையோ. சிலோம்போவுக்கு இரண்டும் இல்லை. அவளிடம் இருந்தது பாதி வாக்கியம். அதை நான் முடித்து வைத்தேன்.

4

இரண்டாயிரத்து இரண்டில் அங்கோலாவில் சண்டை நின்றது. குடியேற்றம் முழுக்க ஊர் திரும்பும் பேச்சு. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, சிலோம்போ மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். காலில் செருப்பு புதிது.

"வாத்தியாரே, நாங்க போகப் போறோம். போறதுக்கு முன்னாடி என் கதைய ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன்."

"உங்க கதை உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரிஞ்சது வேற. புத்தகத்துல எப்பிடி இருக்குன்னு பாக்கணும். என்னைய அழகா எழுதியிருக்கீங்களா, கிழவியா எழுதியிருக்கீங்களா?"

"அழகாத்தான்."

"அப்பக் கண்டிப்பா படிங்க."

தமிழைப் பார்த்து லுவாலேயில் சொல்லிக்கொண்டே போனேன். எரிந்த கிராமம், நடை, வழியில் சேர்ந்தவர்களோடு ஒரு கோழியை ஐந்து பேர் பகிர்ந்தது. அங்கங்கே அவள் திருத்தினாள். "அஞ்சு பேரு இல்ல, ஏழு பேரு. கால் எனக்குத்தான் கெடச்சிச்சு." ஜொவீத்தா சிரித்தாள். ஆறு வந்தது. ஓடம் வந்தது. "நீ நட, வந்து பிடிச்சிக்கிறேன்" என்று நான் வாசித்ததும் சிலோம்போ தலையாட்டினாள். தன் தம்பியின் குரல் அச்சில் ஏறியிருப்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

அடுத்த வரியில் என் விரல் இருந்தது. நூற்றுப் பதினான்காம் பக்கம், மேலிருந்து நான்காம் வரி.

"பிறகு அவன்—"

"ம்?" என்றாள் சிலோம்போ.

அவளுடைய தலைக்குப் பின்னால் சுவரில் அங்கோலா வரைபடம் ஒன்று தொங்கியது. அவள் காதுக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயர் தெரிந்தது. கங்காம்பா.

"பிறகு அவன் வேற ஒரு கூட்டத்தோட தெற்கே போயிட்டான். கங்காம்பாங்கிற ஊர்ல இருக்கான். சைக்கிள் ரிப்பேர் பண்றான்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"விசாரிச்சேன். லாரிக்காரங்ககிட்ட."

"இத்தன வருசம் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உறுதியாத் தெரியல."

"உறுதியாத் தெரியாமயா புத்தகத்துல போடுவாங்க?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"போட மாட்டாங்க" என்றேன்.

5

இந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்று நீங்கள் சொல்லலாம். கணக்கு வாத்தியார், நிதானமானவர், பதின்மூன்று வருடமாக அவர்களோடு வாழ்பவர். இப்படியா செய்வார்? நானும் அவரைச் சந்தேகித்து, இந்தப் பகுதியை வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். அதில் அவர் மறுநாள் காலையில் அவளுடைய அடுப்படிக்குப் போகிறார். உண்மையைச் சொல்கிறார். அவள் கரண்டியால் அடிக்கிறாள். பிறகு ஒரு மாவுருண்டை கொடுக்கிறாள். படிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே அது பொய் என்று தெரிந்தது.

உண்மையில் மறுநாள் அவள்தான் வந்தாள், ஊர் திரும்பும் விண்ணப்பத்தோடு. குடியேற்றத்தில் பாதிப் பேருக்கு நான்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். இறங்க வேண்டிய ஊர் என்ற கட்டம் வந்தது.

"கங்காம்பா" என்றாள்.

ஜொவீத்தா குறுக்கிட்டாள். "அம்மா, கசோம்போல பெரியம்மா இருக்காங்க. நெலம் இருக்கு. கங்காம்பால நமக்கு யார் இருக்கா?"

"உன் மாமா இருக்கான்."

"நெலத்த விட்டுட்டா?"

"நெலம் எங்கயும் போவாது. அவன் ஒரு தடவ போனவன். எழுதுங்க வாத்தியாரே."

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். கசோம்போவுக்கும் கங்காம்பாவுக்கும் நடுவில் பல நாள் பயணம், பாலம் இல்லாத ஆறுகள்.

புறப்படும் முன் ஜொவீத்தா தனியாக வந்தாள். பதினேழு வயது. அவள் மாமா ஓடத்தில் திரும்பிப் போன வயது.

"சார், அந்தப் பக்கத்தக் காமிங்க."

காட்டினேன்.

"இதுல கங்காம்பான்னு எங்க இருக்கு?"

ஏதாவதொரு சொல்லில் விரல் வைத்தாக வேண்டும். வைத்தேன். அது "கண்ணிவெடி" என்ற சொல். அவள் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு" என்றாள்.

6

மூன்று மாதம் கழித்து, அவர்களை ஏற்றிப்போன லாரி ஓட்டுநர் முசோண்டா திரும்பி வந்தான்.

"எறக்கி விட்டியா?"

"விட்டேன் சார். விமானம் எறங்குற மண் ஓடுதளம் ஒண்ணு இருக்கு, அது ஓரமா. வேற யாரும் அங்க எறங்கல. அம்மாவும் பொண்ணும் மூட்டை மேல உக்காந்திருந்தாங்க. யாரோ வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு சொன்னாங்க."

"வந்தாங்களா?"

"நான் கெளம்புற வரைக்கும் வரல."

அதற்குப் பிறகு ஏழு வருடம் ஒன்றுமில்லை. நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். பலர் காரணம் கேட்டார்கள். வேலை அதிகம் என்று சொன்னேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு தொலைபேசி அழைப்பு. ஜொவீத்தா. அங்கே மருந்தகத்தில் வேலை செய்கிறாள். குரல் பெரிய மனுஷியின் குரலாக இருந்தது.

"மாமா இங்க இல்ல சார். சைக்கிள் ரிப்பேர் பண்றவங்க ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேரும் மாமா இல்ல."

"அம்மா எப்பிடி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. இங்கயும் மாவுருண்டதான். பஞ்சர் ஆன சைக்கிள யார் தள்ளிட்டு வந்தாலும், எங்க ஒட்டப் போறேன்னு கேப்பாங்க. கசோம்போக்குப் போயிரலாம்மான்னு நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சிட்டேன். வாத்தியார் எழுதினது தப்பாகாது, அவன் வேலையா வேற ஊருக்குப் போயிருப்பான், திரும்பி வரும்போது நான் இங்க இருக்கணும்ங்குறாங்க."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சார், பெரியம்மா போன வருசம் தவறிட்டாங்க. கடைசி வரைக்கும் அம்மா பாக்கல."

"ஜொவீத்தா, அந்தப் பக்கத்துல—"

லைன் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

"ஆமா சார், அதுக்குத்தான் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்த அனுப்ப முடியுமா? அம்மா கையில வெச்சிக்கணும்னு கேக்குறாங்க."

பிளேடால் அந்தத் தாளை அறுத்து எடுத்து, எல்லைக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தேன். உண்மையையே அனுப்புகிறோம் என்று அன்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதிலும் இல்லை. தாளில் இருந்தது முதல் பொய், வாயில் சொன்னது இரண்டாவது. இரண்டுக்கும் முன்னால் அவள் சொன்ன ஒரு சொல்தான் மெய். நடந்தேன். அந்தச் சொல்லை அவளிடமிருந்தே பிடுங்கி, அவளை ஓர் ஓடுதளத்தின் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டேன்.

நேரில் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் எல்லை வரை போனேன். பாஸ்போர்ட்டில் விசா இருந்தது. சோதனைச் சாவடிக்கு முன்னால் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினேன். இந்த இடத்தில் முதலில் காய்ச்சல் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். காய்ச்சல் இல்லை.

7

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கப்பெண்டா உண்மையாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். அது பதிப்பாசிரியருக்குப் பிடிக்கும். இன்னொன்றில் ஜொவீத்தாவுக்கு எப்போதோ எல்லாம் தெரியும், அம்மாவுக்காக நடிக்கிறாள். இதில் ஏதோ இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததை இனி எழுத மாட்டேன்.

தெரிந்தது இவ்வளவு. போன மாதம் ஜொவீத்தா பேசினாள். சிலோம்போவுக்கு அறுபத்து மூன்று ஆகிறது. அந்தத் தாளை நெகிழி உறையில் வைத்திருக்கிறாள். கங்காம்பாவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் எல்லாரிடமும் படித்துச் சொல்லக் கேட்டுக் காட்டுகிறாள். சாலை போட வந்தவர்களிடம் காட்டினாள், அவர்களால் படிக்க முடியவில்லை. செல்போன் கோபுரம் நிறுத்த வந்த ஓர் இந்தியர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என் மொழி இல்ல, பக்கத்து மாநிலத்து எழுத்து. எங்க கம்பெனியில அந்த ஊர் ஆளுங்க இருக்காங்க, யாராவது வருவாங்க" என்று சொல்லிப் போயிருக்கிறார். சிலோம்போ அவரிடம் மாவுருண்டைக்குக் காசு வாங்கவில்லையாம்.

வருகிறவர் நீங்களாக இருக்கலாம், அல்லது உங்கள் மகனோ மருமகளோ. ஓடுதளத்தின் ஓரத்தில் அடுப்பு இருக்கும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உறையிலிருந்து தாளை எடுப்பாள். யாரையாவது மொழிபெயர்க்கக் கூப்பிடுவாள், அநேகமாக ஜொவீத்தாவை. மேலிருந்து மூன்று வரிகளை அப்படியே படிக்கலாம், பயமில்லை. அவை அவள் சொன்னவை. "நீ நட, வந்து பிடிச்சிக்கிறேன்" என்ற இடத்தில் தலையாட்டுவாள்.

அடுத்தது நான்காம் வரி. அங்கே என்ன அச்சாகியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக நான் என்ன வாசித்தேன் என்றும் தெரியும். அவள் தாளைப் பார்க்க மாட்டாள். உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.